கடலில் காணாமற்போனோர் மசோதா

ஜூலை 25, வெள்ளி

இன்று மாலை மூன்று நாற்பதுக்கு மேடத்தின் மசோதா மக்களவையில் அறிமுகமானது. அவர் எழுந்ததிலிருந்து உட்கார்ந்தது வரை ஒரு நிமிடம்கூட இருக்காது. அனுமதி கேட்டார், தலைமை இருக்கையில் இருந்தவர் சபையைக் கேட்டார், 'ஆம்' என்று நாலைந்து குரல்கள் வந்தன. நாற்பது பேர்தான் இருந்தார்கள். அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் சொந்த மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகலை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் ஊருக்கு விமானம் ஏறியிருப்பார்கள்.

இரண்டு மாதம் உட்கார்ந்து நான் எழுதியது. ஒருவரைப் பற்றி ஏழு வருடம் தகவல் இல்லையென்றால்தான் சட்டம் அவரை இறந்தவராகக் கொள்ளும். படகோடு கடலில் காணாமல் போனவர்களுக்கு மட்டும் அதை ஒரு வருடமாகக் குறைக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இரண்டரைப் பக்கம்.

வரைவைப் படித்தபோது மேடம் ஒரே ஒரு இடத்தில் பேனாவை வைத்தார். "ததேயு, நோக்க உரையில 'காணாமல் போன நால்வர்'னு எழுதியிருக்கீங்க. 'உயிரிழந்த நால்வர்'னு போட்டாத்தானே வாதம் நிக்கும்?"

"உயிரிழந்தாங்கன்னு எழுத ஆதாரம் இல்லையே மேடம். அதுக்குத்தானே மசோதா."

பேனாவை மூடினார். தமிழ்க்கொடி மேடம் எம்.பி. ஆவதற்கு முன் முப்பது வருடம் தூத்துக்குடியில் வக்கீலாக இருந்தவர். நான் பதினோரு வருடமாக அவருடைய தனிச்செயலர். எந்த இடத்தில் வாதத்தை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஆறு மணிக்கு ஊருக்கு, டெல்பினுக்குப் போன் செய்தேன். என் தம்பி ஸ்தனிஸின் மனைவி.

"அப்பம் சட்டம் ஆயிட்டா அத்தான்?"

"இல்ல பிள்ளே. இப்பம் தாக்கல் மட்டுந்தான். இனி குலுக்கல்ல மேடம் பேரு வரணும். வந்தா விவாதம் நடக்கும்."

"சட்டத்துக்கும் குலுக்கலா?"

"தனி உறுப்பினர் மசோதான்னா அப்படித்தான்."

"எத்தன மாசம் ஆவும்?"

"குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர்ல வரும். அதுல பாக்கணும்."

"சரி அத்தான்" என்றாள். வைத்துவிட்டாள்.

தயிர் வாங்க மறந்துவிட்டேன். ஊறுகாயோடு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வருமோ என்று அறைக்குள்ளேயே கொடி கட்டினேன்.

விவாதத்தில் பேச ஓர் உண்மைச் சம்பவக் குறிப்பு வேண்டும் என்று மேடம் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம் போதும். காலையிலிருந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

போன டிசம்பர் மூன்றாம் தேதி விடியலில் சேந்தமுனையிலிருந்து ஒரு ஃபைபர் படகு கிளம்பியது. நாலு பேர், ஸ்தனிஸும் அதில் ஒருவன். மறுநாள் மதியம் திரும்பியிருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை எதுவும் இல்லை. சாயங்காலம் ஒரு சூறைக்காற்று அடித்து ஓய்ந்தது. ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு டீசல் கேனும் வலையின் மிதப்புக் கட்டைகள் சிலவும் கிடைத்தன. பெரிய புயலில் நூறு பேர் போனால் அரசாங்கம் தனி ஆணை போட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. ஒரு படகுக்கும் நாலு பேருக்கும் யாரும் ஆணை போடுவதில்லை. "உடல் கிடைக்கணும், இல்லன்னா ஏழு வருஷம் ஆகணும்" என்று தாசில்தார் சொல்லிவிட்டார். வீட்டுப் பட்டா ஸ்தனிஸ் பேரில். ஒழுகுகிற கூரையை மாற்ற வீட்டு வசதித் திட்டத்தில் எழுதிப் போட்டாலும் அவன் கையெழுத்தைக் கேட்கிறார்கள். மகள் ரெனிஷாவுக்கு ஏழு வயது.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போனபோது ஸ்தனிஸுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. சட்டை பட்டன் போட்டுவிட்டது, பத்தாவது வரை தள்ளிக்கொண்டு போனது, பெண் பார்த்தது எல்லாம் நான். கடலுக்குப் போகாதே என்றேன். போனான். கடைசியில் அவனே அலுத்துப்போய், டெல்லியில் ஏதாவது வேலை பார்த்துக் கொடு அண்ணா என்று கேட்க ஆரம்பித்திருந்தான். டிசம்பர் இரண்டாம் தேதி காலை பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டான். கேள்வி நேரம். இணைப்பைத் துண்டித்துவிட்டு, கூட்டத்தொடர் முடியட்டும் பேசுவோம் என்று செய்தி அனுப்பினேன்.

இது குறிப்புக்குத் தேவையில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமைகளில் தனி உறுப்பினர்களின் மசோதாக்களும் தீர்மானங்களும் மாறி மாறி வரும். இன்று தீர்மானங்களின் முறை. மேடத்துக்கு இருமல்.

செப்டம்பர் 14, ஞாயிறு. சேந்தமுனை

நாலு நாள் விடுப்பில் வந்திருக்கிறேன். டெல்பின் நண்டுக் கம்பெனியில் சதை உரிக்கும் வேலைக்குப் போகிறாள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. மெலிந்திருக்கிறாள், ஆனால் முகம் போன தடவையைவிடத் தேவலை.

கூரையில் புதிதாகத் தார்ப்பாய் போட்டிருக்கிறது. தண்ணீர் மோட்டாரும் ஓடுகிறது. "யாரு சரி பண்ணா?" என்று கேட்டேன்.

"ஜஸ்டஸ் மாமா" என்றாள் ரெனிஷா. "மாமா எனக்கு சைக்கிளும் சரி பண்ணித் தந்தாவ."

ஜஸ்டஸ் படகு எஞ்சின் மெக்கானிக். ஸ்தனிஸோடு பள்ளியில் படித்தவன். சாயங்காலம் கோயில் வாசலில் பார்த்தேன். வணக்கம் சொன்னான். கையில் கிரீஸ் இருந்ததால் கையைப் பின்னால் வைத்துக்கொண்டே பேசினான். நல்ல பையன்தான்.

ஸ்தனிஸின் சட்டைகளை எடுத்து உதறி வெயிலில் போட்டேன். பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. டெல்பின் பார்த்துக்கொண்டு நின்றாள். மழைக்காலத்துக்கு முன் இன்னொரு தடவை வெயில் காட்டச் சொன்னேன்.

மசோதா எப்போது வரும் என்று மறுபடியும் கேட்டாள். நேற்றிலிருந்து மூன்றாவது முறை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். டெல்பின் போன் செய்தாள்.

"எல்லாவரும் கல்லறைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு போனாவ அத்தான். நான் கடக்கரையில கொண்டு போயி வச்சேன். காத்துல நிக்கல."

"அவனுக்கு என்னத்துக்கு மெழுகுதிரி?" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. எதிர் வீட்டு நர்ஸம்மா எட்டிப் பார்த்தார்.

நவம்பர் 24, திங்கள்

குலுக்கலில் மேடத்துக்கு இரண்டாவது இடம். டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை விவாதத்துக்கு வரும்.

மேடம் காலையிலேயே மைய மண்டபத்தில் அமைச்சரைப் பிடித்துப் பேசிவிட்டு வந்தார். அறையில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "மசோதா நிறைவேறாது, அது உங்களுக்கும் தெரியும். தனி உறுப்பினர் மசோதா நிறைவேறி அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா விவாதத்துக்கு வந்துட்டா பதில் உரையில ஓர் உறுதிமொழி தர்றேன்னு சொல்லிட்டார். புயலுக்குப் பின்பத்துற அதே நடைமுறையச் சின்னப் படகுகளுக்கும் பின்பத்தச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் போகும். சபையில குடுத்த உறுதிமொழின்னா அப்புறம் மாற முடியாது. அந்த ஒரு கடிதம் போதும்னு நம்ம கலெக்டரே சொல்லியிருக்கார்."

"எப்ப மேடம் கடிதம் போகும்?"

"பொங்கலுக்குள்ள போக வச்சிடுவேன். நீங்க ஒரு வேலை மட்டும் பாருங்க. மசோதாவப் பரிசீலனைக்கு எடுக்கச் சொல்ற நோட்டீஸ் டிசம்பர் ரெண்டு, செவ்வாய், மூணு மணிக்குள்ள அறிவிப்பு அலுவலகத்துல இருக்கணும். தப்புனா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

நோட்டீஸை அப்போதே தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கி நீலக் கோப்பில் வைத்தேன். டெல்பினுக்குச் சொன்னேன். முதல் தடவையாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "நான் வந்து பாக்கலாமா அத்தான்? மேல உக்காந்து பாப்பாவள்லா, அங்க?" என்றாள். மதுரையைத் தாண்டாத பெண். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்குகிறேன் என்றேன். டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

டெல்பின் பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். பூசை முடிந்து நேரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டதாகச் சொன்னாள். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு காரியம் சொல்லணும் அத்தான். வேற ஆளு வாயால உங்களுக்கு வரக் கூடாது. ஜஸ்டஸ் என்னையக் கேட்டாவ. ரெனிஷாவையும் சேத்துத்தான் கேட்டாவ. நான் ஆறு மாசமா ஒண்ணும் சொல்லல. போன வாரம் சரின்னு சொல்லிட்டேன். சாமியார்ட்ட போனோம். கோயில்ல கல்யாண ஓல வாசிக்கணும்னா மொத மாப்பிள மரிச்சதுக்குத் தாளு வேணும்னு சொல்லிட்டாவ. ஜஸ்டஸ் அம்மாவுக்கு மொதல்லயே இஷ்டமில்ல. தவக்காலத்துக்கு முந்தி முடியலன்னா வேற பொண்ணு பாத்துருவேன்னு நிக்காவ. மேடத்தோட கடுதாசி பொங்கலுக்குள்ள வந்துரும்லா?"

"வந்துரும்" என்றேன்.

"உங்களுக்குக் கோவமா அத்தான்?"

"இல்ல. நல்ல காரியம். அவன் நல்ல பையன்."

"நீங்க சரின்னு சொன்னாத்தான் எனக்கு."

"சரிதான் பிள்ளே. சரின்னுதான சொல்லுதேன்."

அவள் அழுதாள். நான் ரெனிஷா எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன்.

குளியலறையைப் பிரஷ் போட்டுக் கழுவினேன். சமையலறைச் சுவரையும் கழுவினேன். சரி என்றுதான் சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

காலை ஒன்பதுக்கு அலுவலகம். தொகுதி மனுக்கள் பத்தொன்பது. ரயில்வே ஒதுக்கீட்டுக் கடிதங்கள் ஆறு. பதினொன்று முதல் பன்னிரண்டு வரை கேள்வி நேரம், அமளி, ஒத்திவைப்பு. பதினொன்று நாற்பதுக்குத் தொலைபேசி எதுவும் வரவில்லை. ஒன்றரைக்கு கேன்டீனில் சாப்பாடு. இரண்டு மணிக்கு மேடத்துக்கு இருமல் மருந்து வாங்கினேன். இரண்டு இருபதுக்கு நீலக் கோப்போடு அறிவிப்பு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். மூன்று எட்டுக்கு ஜன்னலுக்கு முன் நின்றேன். உள்ளே இருந்தவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். நோட்டீஸைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்த லிஃப்ட் மிகவும் மெதுவாக வருகிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும்.

மேடம் கேட்டார். கொடுத்தாயிற்று என்று சொன்னேன்.

டிசம்பர் 3, புதன்

ஒரு வருடம். ஊரில் காலை ஆறு மணிக்கு டெல்பின் மரித்தோர் பூசை ஒப்புக்கொடுத்தாளாம். நான் கோயிலுக்குப் போகவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

டெல்பின் ரயில் ஏறிவிட்டாள். ரெனிஷாவைத் தன் அக்காள் வீட்டில் விட்டிருக்கிறாள். ஸ்வெட்டர் இரவல் வாங்கியிருக்கிறாளாம். இன்றைக்காவது சொல்லியிருக்கலாம். போனை எடுத்தேன், வைத்தேன்.

டிசம்பர் 10, புதன்

வெள்ளிக்கிழமைக்கான அலுவல் பட்டியல் வந்தது. இரண்டாவது இடத்தில் தேனீ வளர்ப்பு வாரிய மசோதா இருக்கிறது. மேடத்தின் பெயர் எங்கும் இல்லை.

மேடம் பட்டியலை மேசைமேல் வைத்து என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கொடுத்தாச்சுன்னு சொன்னீங்க."

"போய்ச் சேரும்போது மூணு எட்டு ஆயிடுச்சு மேடம். சொல்லப் பயமா இருந்துச்சு. லிஃப்ட் வரல."

"முதல் மாடிக்கு லிஃப்ட்டா?"

நான் பட்டியலை எடுத்து மறுபடி பார்த்தேன்.

"பதினோரு வருஷத்துல நீங்க ஒரு நோட்டீஸ் தவறவிட்டது கிடையாது, ததேயு. ஜுரத்தோட வந்து கொடுத்திருக்கீங்க. அன்னிக்கே சொல்லியிருந்தா சபாநாயகர் கால்ல விழுந்தாவது கேட்டிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "டெல்பின் கிளம்பிட்டாங்களா?"

"ரயில்ல இருக்கா."

"அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன் மேடம்."

அவர் அப்போதே சபாநாயகர் அலுவலகத்துக்குப் போனார். பிறகு அமைச்சரிடம் போனார். திரும்பி வந்து மருந்து எங்கே என்று மட்டும் கேட்டார். அமைச்சர் அடுத்த கூட்டத்தொடரில் பார்க்கலாம் என்று சொன்னதை ஹேமலதாதான் எனக்குச் சொன்னாள். மேடத்தின் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவள்.

டிசம்பர் 12, வெள்ளி

நேற்று மதியம் நிஜாமுதீன் நிலையத்தில் டெல்பினை இறக்கி, எதிர் வீட்டு நர்ஸம்மாவிடம் தங்கவைத்தேன். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினாள். மேடத்துக்குத் தூத்துக்குடி மக்ரூன். ஒன்றுகூட நொறுங்கக் கூடாதென்று இரண்டு நாளும் மடியிலேயே வைத்து வந்தாளாம். நேற்று சொல்லவில்லை. இன்று காலையும் சொல்லவில்லை. நாடாளுமன்றத்தைப் பார்த்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். நான்கு இடத்தில் சோதனை. செருப்பு ஓசை கேட்கக் கூடாதென்று குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தாள். மூன்றரைக்கு மாடத்தில் உட்கார்ந்தோம்.

முதல் மசோதா போன தடவையின் மிச்சம், அரை மணியில் முடிந்தது. அடுத்தது தேனீ. வடக்கத்தி உறுப்பினர் ஒருவர் வெள்ளைச் சட்டையில் எழுந்து இந்தியில் பேசத் தொடங்கினார்.

டெல்பின் என் காதருகே குனிந்தாள். "இதுவா அத்தான் நம்மளுது?"

மாடத்துக் காவலர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

தலையாட்டியது நான்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவள் கைகளைக் கூப்பி மடியில் வைத்து, கீழே பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் அவளுக்குப் புரியாது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்தால் காவலர் ஏதாவது சொல்வாரோ என்று துடைக்கவில்லை. நடுவில் யாரோ தேனைப் பற்றி ஏதோ சொல்ல, சபையில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். கீழே மேடம் தன் இருக்கையில் குனிந்தே இருந்தார். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு வெளியே வந்தோம். பனி இறங்கியிருந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம்.

"நல்லபடியாப் பேசுனாவளா அத்தான்?"

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"நடுவுல எல்லாவரும் சிரிச்சாவள, என்னத்துக்கு? நாலு பேரு போயிருக்காவ, அதுல சிரிக்க என்ன இருக்கு?"

"டெல்பின், இன்னைக்கு நடந்தது நம்ம மசோதா இல்ல. அது தேனீ வளக்குறதுக்கு. நம்மளது வரல. நான் நோட்டீஸ் குடுக்கல."

நின்றுவிட்டாள். "மறந்துட்டியளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். எனக்கு அந்த வழியை விட்டுக் கொடுக்கத்தான் அப்படிக் கேட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

"மறக்கல. ரெண்டு இருவதுக்கே போயிட்டேன். வாசல்ல ஒரு பெஞ்சு இருக்கு. அதுல உக்காந்துட்டேன். கோப்பு மடியில இருந்துச்சு. மூணு மணி ஆவுதத பாத்துக்கிட்டே இருந்தேன். ஆன பொறவு எந்திரிச்சுப் போனேன்."

"ஏன் அத்தான்?"

"அந்தத் தாள உள்ள நீட்டுனா, நானே அவனக் கொண்டு போயிக் குடுத்த மாரி இருந்துச்சு."

பஸ்கள் வந்து போயின. அவள் இரவல் ஸ்வெட்டரின் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க இங்க அவியள உசுரோட வச்சிருக்கிய அத்தான். உங்களுக்கு ஏலும். போன எடுத்தா ஊரு, வச்சா டெல்லி. நான் அந்த வீட்டுலல்லா கெடக்கேன். தெனமும் காலைல முழிச்சதும் அவிய இல்லங்குதத மொதல்லருந்து தெரிஞ்சுக்கிடுதேன். ஒரு வருசமா ஒத்தையில அவியள அடக்கம் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"ஜஸ்டஸுக்காக இல்ல பிள்ளே. நீ நல்லா இருக்கணும்னுதான்..."

"அவிய தோளப் புடிச்சு நீங்களா தள்ளுனிய? கடலு கொண்டு போச்சு. அதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய ஏலாது." குரல் உயரவே இல்லை. "ஆனா என்னைய நீங்கதான் கொண்டு போயிக் குடுத்துட்டிய."

பஸ் வந்தது. ஏறினோம். அவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

டெல்பினை ரயில் ஏற்றினேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். வண்டி கிளம்பும்போது மக்ரூன் டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டினாள். "மேடத்துக்குக் குடுத்துருங்க. அவிய மேல ஒண்ணும் இல்ல."

டிசம்பர் 15, திங்கள்

மேடத்திடம் டப்பாவையும் ராஜினாமாக் கடிதத்தையும் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சைப் பற்றியும் சொன்னேன். மேடம் கடிதத்தைப் படித்து, நான்காக மடித்து, இழுப்பறையில் போட்டார்.

"இதை நான் ஏத்துக்கப் போறதில்ல. நீங்க போயிட்டா அந்த மசோதாவத் திரும்ப யார் எழுதுவா? ஆனா இனிமே நோட்டீஸ் எல்லாம் ஹேமலதா கொண்டு போவாங்க."

"சரி மேடம்."

"உங்க தம்பிக்கு என்ன வயசு?"

"முப்பது."

"எனக்கு ஒருநாளும் நீங்க அவனப் பத்திச் சொன்னதில்ல. நானும் கேக்கல." டப்பாவைத் திறந்தார். ஒன்றும் நொறுங்கவில்லை. ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 19, வெள்ளி

கூட்டத்தொடர் முடிந்தது. பொதுப் பிரச்சினைகளைச் சபையின் கவனத்துக்குக் கொண்டுவரும் விதி 377-ன் கீழ் மேடம் இந்த விஷயத்தை எழுதிக் கொடுத்தார். கூச்சலில் யாரும் எதையும் வாசிக்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தவை எல்லாம் மேசைமேல் வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று அறிவித்துவிட்டார்கள்.

டெல்பினுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

சேந்தமுனை சாமியாரிடம் போனில் பேசினேன். அண்ணன் என்ற முறையில் நான் எழுதிக் கொடுத்தால் ஓலை வாசிக்க முடியுமா என்று கேட்டேன். ஆயர் இல்லத்துக்கு எழுதலாம், ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும் என்றார். எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். கேட்ட இடத்திலெல்லாம் 'இறந்துவிட்டான்' என்றே எழுதினேன். மூன்று பக்கத்தில் ஏழு இடம்.

"இப்பம் எழுதுதது நல்லதுதான்" என்றார் சாமியார். "ஆனா ததேயு, ஜஸ்டஸ் அம்மா போன வாரம் உவரியில பொண்ணு பேசி முடிச்சிட்டாவ. அவன் ரெண்டு நாளு வீட்டுக்கே போவாம கடக்கரையில கெடந்தான். பொறவு தலையாட்டிட்டான்."

பிப்ரவரி 2, திங்கள்

சாயங்காலம் டெல்பினைக் கூப்பிட்டேன். ரெனிஷா எடுத்தாள்.

"அம்மா கல்யாண வீட்டுக்குப் போயிருக்கா பெரியப்பா."

"யாரு கல்யாணம்?"

"ஜஸ்டஸ் மாமாவுக்கு. நான் போவல. அம்மா வாடின்னு கூப்பிட்டா. நான் மாட்டேன்னுட்டேன். எனக்கு மாமா மேல கோவம்."

"மாமா மேல கோவப்படக் கூடாது மக்களே. மாமா ஒண்ணும் செய்யல."

"பின்ன யாரு செஞ்சா?"

நான்தான் என்று சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ. அம்மா வந்ததும் சொல்லுதேன் என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 13, வெள்ளி

பட்ஜெட் கூட்டத்தொடர். குலுக்கலில் மேடத்தின் பெயர் வரவில்லை. இரண்டாவது தடவை.

பிற்பகல் எல்லோரும் சபைக்குப் போயிருந்தார்கள். அறையில் நான் மட்டும். தொலைபேசி அடித்தது. ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோர ஊரிலிருந்து ஒரு பெண். எங்கள் தொகுதி இல்லை. பழைய பேப்பரில் மேடத்தின் படத்தைப் பார்த்து, யார் யாரிடமோ எண்ணை வாங்கிப் பேசுகிறாள்.

"எங்க வீட்டுக்காரரு போன படகு திரும்பல சார். ஜனவரி எட்டாந்தேதி. மூணு பேரு. உங்க மேடம் சட்டம் கொண்டு வந்திருக்காங்கன்னு போட்டிருந்துச்சு. அது வந்துருச்சா சார்?"

"இன்னும் வரலம்மா."

"அப்ப எம்புட்டு நாளாகும்?"

"இப்போதைக்கு ஏழு வருஷம்."

அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. "மாசமா இருக்கேன் சார். அது பெறந்து பள்ளிக்கூடமே போயிருமே. அதுவரைக்கும் அதுக்கு அப்பா இருக்காருன்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?"

பெயரையும் வயதையும் படகின் எண்ணையும் சொல்லச் சொன்னேன். மறுபடி அறிமுகம் செய்யும்போது சேர்த்துக்கொள்கிறோம் என்றேன். சொன்னாள். வைக்கப்போகிறாள் என்று நினைத்தபோது கேட்டாள்.

"சார் வீட்டுல யாராச்சும் கடலுக்குப் போறவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி இருந்தான்."

"இருந்தாருன்னா?"

"செத்துப்போயிட்டான்மா. போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர், மூணாந்தேதி."

அதுவரை யாரிடமும் வாயால் சொன்னதில்லை. தாளில் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் ரிசீவரைக் காதோடு வைத்தபடியே மேசையில் சாய்ந்துகொண்டேன். என் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அழுவாதீங்க சார்" என்றாள் அந்தப் பெண். "அழுவாதீங்க. தண்ணி குடிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

முனீஸ்வரி. வயது இருபத்து மூன்று.